கிளிக் சத்தம், தாடை வலி: பல்லத் தேய்ச்சு கடிய செட் பண்ணணுமா?

துறையூர்_பல்:
வணக்கம் டாக்டர்ஸ். ஒரு கேஸ், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. 34 வயசு லேடி, தனியார் ஸ்கூல்ல டீச்சர். இடது பக்கம் தாடை வலி ரெண்டு மூணு மாசமா. காலைல எழுந்தா வாய் இறுக்கமா இருக்காம், ஸ்கூல் விட்டு வரும்போது இன்னும் மோசமாம். காது வலின்னு நெனச்சு இஎன்டி கிட்ட போயிருக்காங்க, காதுல ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாரு. இடது ஜாயிண்ட்ல டக்குனு ஒரு கிளிக், அது காலேஜ் படிக்கும்போதே இருந்துச்சாம். 36ல (கீழ இடது முதல் கடைவாய்ப்பல்லு) உலோகத்து மேல பீங்கான் வெச்ச பழைய பிஎஃப்எம் கேப் ஒண்ணு, மத்ததெல்லாம் சொந்தப் பல்லு, தேய்மானம் பெருசா இல்ல.

இப்ப விஷயம் என்னன்னா வேற ஒரு க்ளினிக்ல உங்க கடி தப்பா இருக்கு அதனாலதான் ஜாயிண்ட் போயிடுச்சு, எல்லாப் பல்லையும் தேய்ச்சு சரி பண்ணணும், இல்லன்னா ஃபுல் மவுத் கேப் போட்டு கடிய உசத்தணும்னு சொல்லி அனுப்பிருக்காங்க, அந்தம்மா பயந்துபோய் எங்கிட்ட வந்திருக்காங்க. நான் கறை விடற பேப்பர கடிக்க வெச்சு பாத்தேன், 27ல (மேல இடது ரெண்டாவது கடைவாய்ப்பல்லு) பாலட்டல் கஸ்ப், அதாவது உள்பக்க முனை, முதல்ல தட்டுது, அங்கிருந்து தாடை ஒரு சின்ன ஸ்லைடு ஆகுது. வாய் தெறப்பு 36 மில்லி. அந்த 27ஐ மட்டும் லேசா அடிச்சு விடலாமா, இல்ல பல்லு மேல மாட்டற ஸ்ப்ளின்ட் தகடு குடுக்கலாமா? ஓபிஜி (முழு தாடை எக்ஸ்ரே) எடுத்தேன், கண்டைல் (ஜாயிண்ட்ல உக்கார்ற தாடை எலும்பு முனை) ரெண்டும் ஒழுங்காதான் தெரியுது.

கம்பி_டாக்டரம்மா:
பல்லத் தேய்க்கற பர்ர எடுத்து கீழ வைங்க முதல்ல 😄 மீதி பேசலாம்.

நெல்லை_ஓரல்மெடிசின்:
டாக்டர், 36 மில்லின்னு சொன்னது எந்த 36? வலி வர்ற வரைக்கும் தெறந்ததா, வலிச்சாலும் பரவாயில்லன்னு தெறக்கச் சொன்னதா, நீங்க ரெண்டு விரல் வெச்சு மெதுவா நீட்டி பாத்ததா? இந்த மூணும் மூணு விதமான தகவல். தானா 36தான் வருது, நீங்க நீட்டினா 44க்கு போகுதுன்னா அது தசை. நீட்டினாலும் கல்லு மாதிரி நிக்குது, தாடை ஒரு பக்கமா இழுக்குதுன்னா ஜாயிண்ட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் முன்னாடி போய் மாட்டிக்கிச்சான்னு யோசிக்கணும். டிஎம்டின்னா தாடை ஜாயிண்ட், தசைக் கோளாறு, அத கண்டுபிடிக்க 2014ல வந்த டிசி டிஎம்டி முறைல நீட்டின அளவோட மேல் பல்லு கீழ்ப்பல்ல மூடுற ஓவர்பைட்டையும் கூட்டி 40க்கு கீழ இருந்தாதான் குளோஸ்டு லாக் (டிஸ்க் மாட்டி வாய் தெறக்காம போறது) பக்கமே போகணும். பலபேர் ஓவர்பைட்ட கூட்ட மாட்டாங்க, 4 மில்லி அங்கயே காணாம போயிடும்.

அடுத்தது கன்னத்துல இருக்கற மசெட்டர், நெத்திப்பொட்டுல இருக்கற டெம்போராலிஸ், இந்த ரெண்டு கடிக்கிற தசையையும் விரலால அழுத்தி பாத்தீங்களா? ஒரு கிலோ அழுத்தம் குடுக்கணும், ஒரு கிலோன்னா எவ்ளோன்னு கைக்கு தெரியாது, கிச்சன் தராசு மேல விரல வெச்சு அழுத்தி பழகிக்கோங்க. அழுத்திட்டு வலிக்குதான்னு மட்டும் கேட்டா பத்தாது, எல்லாருக்கும்தான் வலிக்கும். "நீங்க சொல்ற அதே வலியா இது?"ன்னு கேக்கணும், அந்தக் கேள்விலதான் பாதி டயக்னோசிஸ் இருக்கு. அஞ்சு செகண்டு அப்படியே புடிச்சு வெச்சிருந்தா வலி வேற எங்கயாச்சும் போகுதான்னும் பாருங்க. நைட்டு பல்லு நறநறன்னு கடிக்கிறாங்களான்னு வீட்டுக்காரர கேளுங்க. மாத்திரை என்னென்ன சாப்பிடுறாங்கன்னும் கேளுங்க, மனச்சோர்வுக்கு குடுக்கற எஸ்சிட்டலோபிராம் மாதிரி சில மாத்திரைங்க பல்லக் கடிக்கிறத தூண்டிவிடும். அப்படி எதாச்சும் இருந்தா நீங்களா நிறுத்தச் சொல்லிடாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டருக்கு ஒரு லெட்டர் போடுங்க.

பழைய_ஆர்டிகுலேட்டர்:
தம்பிங்களா, எல்லாம் சரி. ஆனா 27ல முதல் தட்டு இருக்குன்னு அவரே சொல்றாரு, ஸ்லைடு இருக்குன்னு சொல்றாரு, அத ஏன் எல்லாரும் தாண்டிப் போறீங்க? மெக்கல்லம் 1926ல நேத்தாலஜி (கடி, தாடை அசைவு பத்தின படிப்பு) சொசைட்டி ஆரம்பிச்ச காலத்துல இருந்து சொல்லிட்டு வர்ற விஷயம் இது, கண்டைல் அதோட எடத்துல ஒக்காந்திருக்கும்போது பல்லு எல்லாம் ஒண்ணா சேரணும். சேரலன்னா தசை ஓவர்டைம் பாக்கும். நான் டாசன் முறைல ரெண்டு கையால தாடையப் புடிச்சு செண்ட்ரிக்ல, அதாவது கண்டைல் அதோட எடத்துல, உக்கார வெச்சு, ஃபேஸ்போங்கற கருவியால தாடை நிலைய எடுத்து, பல்லு மாடல ஆர்டிகுலேட்டர்ல மவுண்ட் பண்ணி, முதல்ல தட்டற அந்த பிரிமெச்சூர் காண்டாக்ட்ட எடுத்துவிட்ட எத்தனையோ கேஸ்ல வலி போயிருக்கு. புத்தகத்துல இருக்கறத விட சேர்ல பாத்தத நம்புற ஆளு நான்.

நெல்லை_ஓரல்மெடிசின்:
சார், உங்க வேலைய நான் குறை சொல்லல. வலி போச்சுங்கறதையும் நம்புறேன். எதனால போச்சுங்கறதுலதான் சண்டை. 1976ல குட்மன், கிரீன், லாஸ்கின் மூணு பேரும் ஒரு வேலை செஞ்சாங்க. தாடைத் தசை வலி இருக்கற 25 பேருக்கு பல்லத் தேய்க்கற மாதிரி நடிச்சாங்க, நிஜமா கடிய மாத்தவே இல்ல. 16 பேரு வலி சுத்தமா போச்சு இல்ல கிட்டத்தட்ட போச்சுன்னு சொல்லிட்டாங்க, அதாவது 64 சதவீதம். டாக்டர் கவனமா பாக்குறாரு, மிஷின் சத்தம் கேக்குது, ஏதோ பண்ணிட்டாங்கன்னு ஒரு நிம்மதி. அதுபோக இந்த வலி ஏறி ஏறி இறங்கற ஜாதி, ஆளுங்க உச்சத்துல இருக்கும்போதுதான் நம்மகிட்ட வர்றாங்க, நாம என்ன செஞ்சாலும் அடுத்த மாசம் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும். பல்லத் தேய்ச்சா டிஎம்டி சரியாகும்னோ வராம தடுக்கும்னோ சொல்ல ஆதாரம் இல்லன்னுதான் பல ஆராய்ச்சிய சேத்து அலசற காக்ரேன் ரிவ்யூவும் சொல்லுது.

செண்ட்ரிக் ரிலேஷன்னு சொன்னீங்க. 1987 பதிப்புக்கு முன்னாடி வரைக்கும் ப்ரோஸ்தோ (செயற்கைப் பல்லு துறை) அகராதி கண்டைல பின்னாடி தள்ளச் சொல்லுச்சு, அந்தப் பதிப்புல முன்னாடி மேலன்னு மாத்திடுச்சு. டெஃபனிஷன் மாறுனப்ப மனுஷங்களோட ஜாயிண்ட் மாறல, பேஷண்ட்டுங்க அது பாட்டுக்கு சாப்பிட்டுட்டுதான் இருந்தாங்க.

பழைய_ஆர்டிகுலேட்டர்:
அதுக்காக கடியே முக்கியம் இல்லன்னு ஆயிடுமா? ஒரு ஹை பாயிண்ட், அதாவது மத்தத விட உசரமா தட்டற எடம், வெச்சு கேப் ஒட்டிப் பாருங்க, நாளைக்கே பேஷண்ட் வாசல்ல நிப்பாங்க.

கம்பி_டாக்டரம்மா:
சார் அது வேற இது வேற. ஹை பாயிண்ட் வெச்சா அந்தப் பல்லு வலிக்கும், பல்ல எலும்போட புடிச்சிருக்கற லிகமெண்ட் வலிக்கும், பேஷண்ட் அந்தப் பக்கம் கடிக்க மாட்டாங்க. அதனால ஜாயிண்ட் வியாதி வந்துடுமாங்கறதுதான் கேள்வி. அதையும் சோதிச்சு பாத்திருக்காங்க. மிகெலோட்டி குரூப் 2005ல நல்லா இருக்கற பொண்ணுங்களுக்கு பல்லு மேல தங்கத் தகடு ஒட்டி வேணும்னே இடைஞ்சல் பண்ணி, பகல் முழுக்க மசெட்டர் எவ்ளோ வேலை செய்யுதுன்னு அளந்தாங்க. ஏறும்னு எதிர்பாப்போம்ல, இறங்கிடுச்சு. உடம்பு அந்தப் பல்ல தவிர்க்க ஆரம்பிச்சிடுது. யாருக்கும் டிஎம்டி வரல. ஆனா உங்க பக்கமும் ஒரு பாயிண்ட் இருக்கு சார், ஃபின்லாந்துல லெ பெல் குரூப் இதே மாதிரி பண்ணப்போ ஏற்கனவே டிஎம்டி இருந்தவங்க மட்டும் அந்த இடைஞ்சலத் தாங்க முடியாம கஷ்டப்பட்டாங்க, மத்தவங்க பழகிட்டாங்க. அதாவது கடிய விட ஆளு முக்கியம். ஏற்கனவே வலி இருக்கறவங்களுக்கு நாம போடுற கேப்ல டபுள் கவனம் வேணும், அவங்க சொந்தப் பல்ல நோண்டக் கூடாது. 27 அந்தம்மாவுக்கு பதினஞ்சு வருஷத்துக்கு மேல அங்கதான் தட்டிட்டு இருக்கு, வலி வந்தது ரெண்டு மாசம் முன்னாடி.

பல்லுக்கு கம்பி போடற எங்க ஆர்த்தோ ஆளுங்களுக்கு இது ரத்தத்துல ஊறின பயம். 1987ல அமெரிக்காவுல மிச்சிகன்ல கம்பி போட்டதாலதான் ஜாயிண்ட் போச்சுன்னு ஒரு டாக்டர் மேல கேஸ் போட்டு ஜூரி 8,50,000 டாலர் குடுக்கச் சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் காசு போட்டு ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணாங்க. கம்பி போட்டா டிஎம்டி வராது, கம்பி போட்டு டிஎம்டிய சரி பண்ணவும் முடியாதுன்னுதான் முடிஞ்சுது. ரெண்டாவது பாதிய எங்காளுங்களே சிலபேர் மறந்துடறாங்க 🙄

சிஆர்ஐ_குட்டி:
சீனியர்ஸ் ஒரு சந்தேகம். எங்க ஓபில ஒரு அண்ணா, 26 வயசு, வாய் 22 மில்லிதான் தெறக்குது, கிளிக் இல்ல, வலியும் பெருசா இல்ல. இதுவும் டிஎம்டி கேட்டகிரியா? டிஎம்ஜே (தாடை ஜாயிண்ட்) எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டாங்க.

நெல்லை_ஓரல்மெடிசின்:
கன்னத்துக்குள்ள விரல விட்டு தடவிப் பாத்தியாம்மா? வெளிறிப்போய், கயிறு கயிறா பட்டை கைல படுதா? காரம் சாப்பிட்டா எரியுதான்னு கேளு. பாக்கு, மாவா, குட்கா எதையாச்சும் வாயில அடக்குற பழக்கம் இருக்கான்னு அம்மா அப்பா பக்கத்துல இல்லாதப்ப கேளு, கூட இருந்தா இல்லன்னுதான் சொல்லுவாங்க. நம்ம நாட்டுல வலி இல்லாம வாய் சின்னதாயிட்டே வந்தா முதல்ல சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ், அதாவது வாயோட உள்தோல் இறுகிப்போறது, அதத்தான் நெனைக்கணும், அது கேன்சருக்கு போகக்கூடிய கண்டிஷன். தமிழ்நாட்டுல 2013லயே குட்கா தடை, ஆனா எந்தப் பெட்டிக்கடைல என்ன கிடைக்குதுன்னு பேஷண்ட் கிட்ட கேட்டா தெரியும். ஞானப்பல்லு வீக்கம், மரத்துப்போக பிளாக் போட்ட ஊசில மீடியல் டெரிகாய்டு தசை இறுகிப்போறது, சின்ன வயசுல தாடை அடிபட்டு ஜாயிண்ட் ஒட்டிப்போற ஆங்கிலோசிஸ், இதெல்லாம் பாத்து ஒதுக்கிட்டுதான் டிஎம்டின்னு எழுதணும். 50 தாண்டினவங்க சாப்பிடும்போது தாடை அசந்து போகுது, நெத்திப்பொட்டு வலிக்குதுன்னா உடனே பிசிஷியன் கிட்ட அனுப்பு, நெத்திப்பொட்டு ரத்தக்குழாய் வீங்கற டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ்னா கண்ணே போயிடும். நடந்தா தாடை வலிக்குது, நின்னா போயிடுதுன்னா இதயமான்னு பாக்க ஈசிஜி.

சிஆர்ஐ_குட்டி:
பட்டை இருக்கு மேடம். ரெண்டு பக்கமும். இன்னிக்கு வரச்சொல்லி பாத்தேன். மாவா, ஆறு வருஷமா. டிபார்ட்மெண்ட்ல ஃபார்வர்டு பண்ணிட்டேன், பயாப்சி சொல்லிருக்காங்க.

துறையூர்_பல்:
மேடம் நீங்க சொன்ன மாதிரி திரும்ப வரவெச்சு பாத்தேன். வலி இல்லாம 28. முழுசா 36. நீட்டினா 44, ஓவர்பைட் 3 கூட்டினா 47. மசெட்டர் அழுத்தினதும் "இதான் டாக்டர், இதேதான்"னாங்க, கொஞ்சம் புடிச்சிருந்தேன், காதுக்குள்ள போகுதுன்னாங்க. அந்த இஎன்டி வலி அங்கேயே கிடைச்சிருச்சு. ஜாயிண்ட் மேல அழுத்தினா ஒண்ணும் இல்ல. கிளிக் தெறக்கும்போதும் மூடும்போதும் வருது, ஆனா அதுல வலி இல்ல. மாத்திரை எதுவும் இல்ல. நைட்டு கடிக்கிற சத்தம் வீட்ல யாரும் கேட்டதில்லயாம். ஆனா பேப்பர் திருத்தும்போது பல்லு சேந்து இருக்கான்னு கேட்டேன், யோசிச்சுட்டு, "இப்ப கூட சேந்துதான் இருக்கு"ன்னாங்க 😀

நெல்லை_ஓரல்மெடிசின்:
முடிஞ்சுது. மசெட்டர்ல ரெஃபரல் உள்ள, அதாவது வேற எடத்துக்கும் போகிற, மயோஃபேஷியல் (தசை) வலி, கூட வலியில்லாத கிளிக். கிளிக்க தொடவே வேணாம். கண்டைல் தெறக்கும்போது முன்னாடி நகர்ந்த டிஸ்க் மேல ஏறி உக்காருது, அந்த சத்தம்தான் அது. எந்த வலியும் இல்லாத ஆளுங்கள எம்ஆர்ஐ எடுத்தாலே மூணுல ஒருத்தருக்கு டிஸ்க் நகர்ந்திருக்கும். அத சரி பண்ணப்போன காலம் ஒண்ணு இருந்துச்சு, 1980கள்ல டிஸ்க்க எடுத்துட்டு டெஃப்லான் இம்ப்ளான்ட் வெச்சாங்க, அது பொடிஞ்சு எலும்ப அரிச்சு, 1990ல அமெரிக்க கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ திரும்பப் பெற வெச்ச கதை.

அவங்களுக்கு சொல்ல வேண்டியது பகல்ல பல்லு கடிக்கிற பழக்கம். ஒரு நாள் முழுக்க சாப்பிடுறது முழுங்குறது எல்லாம் சேத்தே மனுஷனுக்கு பல்லும் பல்லும் தொடுற நேரம் 20 நிமிஷம்கூட வராது. இவங்க மணிக்கணக்கா சேத்து வெச்சிருக்காங்க, தசை வலிக்காம என்ன பண்ணும். உதடு சேந்திருக்கணும் பல்லு பிரிஞ்சிருக்கணும், பேப்பர் கட்டு மேல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கச் சொல்லுங்க, அதப் பாக்கும்போதெல்லாம் தாடைய விடணும். சுடுதண்ணி ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு முறுக்கு, கரும்பு, தேங்கா சில்லு வேணாம், கொட்டாவி விடும்போது தாடைக்கு கீழ கை. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் பாத்து இதே மூணு அளவையும் எழுதி வைங்க.

சேலம்_பிசியோ:
பல் டாக்டர்ஸ் இழைல பிசியோ நுழையறேன், மன்னிக்கணும். கழுத்த பாத்தீங்களா? போர்டுல எழுதிட்டு திரும்பிட்டு, குனிஞ்சு திருத்திட்டு இருக்கற ஆளு. 2023ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல வந்த கைட்லைன் ரொம்ப நாள் வலி இருக்கறவங்களுக்கு தாடைய கையால அசைச்சு விடுறது, தசைல வலிக்கற முடிச்சான டிரிகர் பாயிண்ட்ட கையால விடுவிக்கறது, பக்கத்துல நின்னு பாத்து பண்ண வைக்கிற போஸ்ச்சர் எக்சர்சைஸ், எண்ணம், பழக்கத்த மாத்தற சிபிடி கவுன்சலிங் இதத்தான் பலமா சிபாரிசு பண்ணுது. எங்களுக்கு ஒரு டென்டல் ரெஃபரல் வர்றது அபூர்வம், வந்தாலும் "டிஎம்ஜே அல்ட்ராசவுண்ட்"னு மட்டும் எழுதி வரும்.

பழைய_ஆர்டிகுலேட்டர்:
அதே கைட்லைன் ஸ்ப்ளின்ட்டையும் வேணாம்னுதானே சொல்லுது? அதையும் சொல்லுங்க, பாதி மட்டும் ஏன்.

நெல்லை_ஓரல்மெடிசின்:
சொல்லுது சார். எடுத்து மாட்டக்கூடிய ஸ்ப்ளின்ட்டுக்கு எதிரா, ஆனா பலமா இல்ல, நிபந்தனையோட. கடிய நிரந்தரமா மாத்துற ஸ்ப்ளின்ட்டுக்குதான் பலமா எதிர்ப்பு. அது நாள்பட்ட வலிக்கான கைட்லைன்ங்கறதையும் மறக்கக் கூடாது. நான் இன்னும் குடுக்கறேன், எல்லாருக்கும் இல்ல. நைட்டு கடிச்சு பல்லு தேயறவங்க, கேப் ஒடைக்கறவங்க, காலைல வலி அதிகம் உள்ளவங்க. குடுத்தா மேல் தாடைக்கு முழுசா எல்லாப் பல்லையும் மூடுற கெட்டி அக்ரிலிக், தட்டையா, நைட்டுக்கு மட்டும். முன்பல்லுக்கு மட்டும் போடுற சின்ன சைஸ் தர மாட்டேன், ஃபாலோ அப் வராத பேஷண்ட்டுக்கு பின்பல்லு எழும்பி முன்பல்லு சேராம ஓப்பன் பைட் ஆன கேஸ் பாத்தாச்சு.

கேள்வி_மட்டும்:
நான் டாக்டர் இல்ல, தேடிட்டு வந்தேன். எனக்கும் ரெண்டு பக்கமும் டக் டக், வலி இல்ல, ஆனா என் கடியே சரியில்லன்னு தோணிட்டே இருக்கு, நாலு டாக்டர் பாத்து நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ச்சாங்க, ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாதான் இருக்கு. மாடல் எல்லாம் ஒரு பையில வெச்சிருக்கேன். தசைய தளர்த்தற போட்டாக்ஸ் ஊசி போட்டா சரியாகுமா?

கம்பி_டாக்டரம்மா:
வணக்கம். வாயப் பாக்காம எதுவும் உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா அஞ்சாவது டாக்டர் தேய்க்க வந்தா தயவுசெஞ்சு விடாதீங்க. நீங்க சொல்றது நிஜமான அவஸ்தை, கற்பனைன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. 1976லயே மார்பக்னு ஒருத்தர் இத பதிவு பண்ணிருக்காரு. பிரச்சனை பல்லுல இல்ல, பல்லுல இருந்து வர்ற தகவல மூளை எடுத்துக்கற விதத்துல, அதனாலதான் தேய்க்கத் தேய்க்க கவனம் இன்னும் அங்கேயே போய் நிக்குது. போட்டாக்ஸ் இதுக்கு இல்ல. டென்டல் காலேஜ்ல ஓரல் மெடிசின் டிபார்ட்மெண்ட்டுக்கு அந்தப் பையோட போங்க. வலி இல்லாத டக் டக்க விட்டுடலாம், ஒருநாள் சத்தம் திடீர்னு நின்னு வாயும் தெறக்கலன்னா மட்டும் உடனே போய் காட்டுங்க.

பழைய_ஆர்டிகுலேட்டர்:
சரி, வலிக்காக தேய்க்க மாட்டேன்னு வெச்சுக்குவோம். ஆனா சின்னப் பசங்க இந்த இழையப் படிச்சுட்டு கடி ஒண்ணும் பெருசில்லன்னு போய் கண்ட மேனிக்கு கேப் ஒட்டிடப் போறாங்க, அதுதான் என் கவலை. ஒரு விஷயம் சொல்றேன். கடைசிப் பல்லு, 37ன்னு வெச்சுக்கோங்க, கேப்புக்காக தேய்ச்சு ப்ரெப் பண்றீங்க, ஒன்றரை மில்லி அழகா எடுக்கறீங்க. டெம்பரரி போடலாம்னு கடிக்கச் சொன்னா எடமே இல்ல! ஒண்ணுமே எடுக்காத மாதிரி மேல் பல்லு வந்து உக்காந்திருக்கு. பசங்க திரும்பத் திரும்ப எடுத்து உள்ள நரம்பு இருக்கற பல்ப் வரைக்கும் போயிடுவாங்க. என்ன நடந்ததுன்னா, கண்டைல் உக்காரும்போது முதல்ல தட்டினதே அந்தப் பல்லுதான், அது போனதும் கண்டைல் மேல ஏறிடுச்சு, எடமும் போச்சு. ப்ரெப்புக்கு முன்னாடி தாடைய புடிச்சு முதல் தட்டு எங்கன்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். செண்ட்ரிக் இதுக்குத்தான் வேணும். மேல் கீழ்ப்பல்லு சேர்ற எல்லா ஸ்டாப்பும் போய் முழு வாயும் திரும்பக் கட்டற ரீஹேபுக்கும் வேணும், வேற எதப் புடிச்சு ஆரம்பிப்பீங்க?

நெல்லை_ஓரல்மெடிசின்:
இதுல உங்களோட நூறு சதவீதம் ஒத்துப் போறேன் சார். ஓரல் மெடிசின் ஆளு நான், இந்த 37 விஷயம் நீங்க சொல்லித்தான் இவ்ளோ தெளிவா புரிஞ்சுது.

துறையூர்_பல்:
சார் அப்படியே கேப் ஒட்டும்போது செக் பண்றதையும் சொல்லிடுங்க. நான் பேப்பர்ல பெரிய கறை வந்தா அங்க அடிப்பேன்.

பழைய_ஆர்டிகுலேட்டர்:
பெரிய கறைன்னா பெரிய அழுத்தம்னு அர்த்தம் இல்ல தம்பி, தட்டையா இருக்கற எடம் பெருசா கறை விடும், கூரான எடம் சின்னப் புள்ளியா விட்டுட்டு உயிரை எடுக்கும். நடுவுல வெள்ளையா சுத்தி வளையமா இருக்கற குறிதான் மோசமானது. 200 மைக்ரான் குதிரைலாட பேப்பர தூக்கிப் போடுங்க, 40 போதும், பல்லு காய்ஞ்சிருக்கணும், எச்சில் மேல எதுவும் புடிக்காது. ப்ரெப்புக்கு முன்னாடியே 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் ஃபாயில வெச்சு எந்தெந்தப் பல்லு ஃபாயில புடிக்குது எது விடுதுன்னு கார்டுல எழுதிடுங்க. ஒட்டினப்புறம் அதே பல்லுங்க அதே மாதிரி புடிக்கணும். பக்கத்துப் பல்லு முன்னாடி புடிச்சு இப்ப விட்டா உங்க கேப்தான் ஹை. பேஷண்ட் படுத்துட்டு இருக்கும்போது பாத்து அனுப்பிடாதீங்க, நேரா உக்கார வெச்சு திரும்ப பாருங்க, படுத்தா தாடை பின்னாடி போகும். பிளாக் போட்டிருந்தா அவங்க சொல்ற "சரியா இருக்கு"வ நம்பாதீங்க. ஜிர்கோனியா கேப்ப அடிச்சா பாலிஷ் பண்ணாம விடக்கூடாது, சொரசொரப்பா விட்டா எதிர்ப் பல்ல தின்னுடும். இம்ப்ளான்ட்டா இருந்தா லேசா கடிக்கும்போது ஃபாயில் உருவணும், அழுத்திக் கடிக்கும்போதுதான் புடிக்கணும், அதுக்கு லிகமெண்ட் கிடையாது, சொந்தப் பல்லு மாதிரி அமுங்காது.

துறையூர்_பல்:
ஆறு வாரம் கழிச்சு அப்டேட். 27ஐ தொடல, ஸ்ப்ளின்ட்டும் குடுக்கல. ஸ்டிக்கர், ஒத்தடம், திருச்சில ஒரு பிசியோ கிட்ட கழுத்துக்கும் தாடைக்கும் சேத்து அனுப்பினேன். வலி இல்லாம 28 இருந்தது இப்ப 41. பரிட்சை பேப்பர் வந்த வாரம் மட்டும் திரும்ப கொஞ்சம் வந்துச்சாம், தானா இறங்கிடுச்சு. கிளிக் அப்படியே இருக்கு, அவங்க அத இப்ப கண்டுக்கறதில்ல. 36 கேப்ல மார்ஜின், அதாவது ஓரத்துக்கு, கீழ சொத்தை, அத மாத்தணும். இவங்களுக்கு மாத்தறதால பயந்துட்டே இருக்கேன், சார் சொன்ன மாதிரி முன்னாடியே ஃபாயில் வெச்சு எழுதிக்கப் போறேன். எங்க டீலர் கிட்ட ஷிம்ஸ்டாக்னு கேட்டா பேப்பர் ரோலத்தான் தர்றாரு, எப்படி கேக்கறது?

பழைய_ஆர்டிகுலேட்டர்:
பேப்பர்னு சொல்லாதீங்க. 8 மைக்ரான் மெட்டாலிக் ஃபாயில், கலர் இல்லாததுன்னு கேளுங்க. புடிக்க மில்லர் ஃபோர்செப்ஸ் ஒண்ணும் சேத்து வாங்குங்க, விரலால புடிச்சா சுருங்கிடும். அந்தம்மாவுக்கு டெம்பரரிய ரெண்டு மூணு வாரம் விட்டு, தசை அமைதியா இருந்தா மட்டும் ஃபைனல் ஒட்டுங்க.

நெல்லை_ஓரல்மெடிசின்:
அப்பாயிண்ட்மெண்ட்ட சின்னதா வெச்சுக்கோங்க, நடுநடுவுல வாய மூட விடுங்க, எதிர்ப்பக்கம் கடிச்சு தாங்கிக்க பைட் பிளாக் குடுங்க. பரிட்சை சீசன்ல வேணாம், லீவுல வரச் சொல்லுங்க.